டைக்ஸ்ட்ராவோட வீடு எங்கே இருந்துச்சு?

ஷார்ட்டஸ்ட் பாத் கேள்வி வந்தா நாம எல்லாரும் எழுதுற பெயர் ஒண்ணு இருக்கு. பாதி பேர் 'டிஜ்க்ஸ்ட்ரா' என்போம், மீதி பேர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடிச்சிடுவோம். சரியான உச்சரிப்பு கிட்டத்தட்ட 'டைக்ஸ்ட்ரா'. டச்சு மொழியில் ஐ, ஜே ரெண்டு எழுத்தும் சேர்ந்து வந்தா ஒரே ஒலிதான். 1959-இல் அந்த அல்காரிதத்தை வெளியிட்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ரோட்டர்டாமில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயருக்கு அர்த்தம், 'கரையோரம் குடியிருப்பவர்'.

'டைக்' என்றால் கடலும் ஆறும் ஊருக்குள்ள வராம தடுக்கக் கட்டுற மண்கரை. 'ஸ்ட்ரா' என்பது வடக்கே ஃப்ரீஸ்லாந்து பகுதியில் பேசும் ஃப்ரீஸியன் மொழியின் விகுதி. அங்கே வசிப்பவர் என்று பொருள். நாட்டின் மற்ற பகுதிகளில் அதே ஆள் 'வான் டைக்' ஆகிவிடுவார். 'வான்' என்றால் '-இலிருந்து', அவ்வளவுதான். லிவர்பூல் ரசிகர்கள் இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. டிஃபெண்டருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வெறும் அட்ரஸ்தானே, இதுல என்ன இருக்குன்னு கேட்கலாம். நெதர்லாந்தின் நிலப்பரப்பில் சுமார் 26 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கு. கரை போனா ஊரே போச்சு. அதனால அந்தக் காலத்தில் வடகடல் ஓரப் பகுதிகளில், கரைக்குப் பக்கத்து நிலக்காரர்தான் தன் பங்குக் கரையைப் பராமரிக்கணும். முடியலைன்னா மண்வெட்டியைக் கரையில் குத்தி வெச்சுட்டு, நிலத்தை விட்டுட்டுக் கிளம்பிடணும். அதை யார் பிடுங்கி எடுக்கிறாரோ அவருக்கு நிலமும் சேரும், கரையின் பொறுப்பும் சேரும். கடுமையான சட்டம்தான். ஆனா 1953 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலையில் கரைகள் உடைஞ்சப்ப அந்த நாட்டில் 1,836 பேர் இறந்தாங்க. அப்படிப்பட்ட ஊரில் கரை பராமரிப்பை விருப்பத்துக்கு விட முடியாது.

ஃப்ரீஸியன் பெயர்களை வரிசையா வெச்சுப் பார்த்தா சிவில் டிபார்ட்மென்ட்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 'டெர்ப்ஸ்ட்ரா' என்றால் டெர்ப் மேல் இருப்பவர். டெர்ப் என்பது வெள்ளத்துக்குத் தப்பிக்க மனுஷங்களே கொட்டி உயர்த்திய மண்மேடு. பெரிய கரைகள் கட்ட ஆரம்பிச்சது சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடிதான். அதுக்கும் பல நூற்றாண்டு முன்பே இந்த மேடுகள் இருந்தன. முதலாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இந்த மேட்டு மக்களைப் பற்றிப் பரிதாபப்பட்டு எழுதியிருக்கார். அடுத்து நம்ம டைக்ஸ்ட்ரா. கரை கட்டினா உள்ளே தேங்குற தண்ணியை வெளியே விடணுமே? அதுக்கு மதகு. மதகோரம் இருந்தவர் 'ஸைல்ஸ்ட்ரா'.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'வான் டென் பெர்க்'. 'மலையிலிருந்து வந்தவர்' என்று அர்த்தம். நெதர்லாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. ஆனா ஐரோப்பாவில் இருக்கிற நெதர்லாந்தின் உச்சமான ஃபால்ஸர்பெர்க்கே வெறும் 322 மீட்டர்தான், அதுவும் தென்கிழக்கு மூலையில்! விஷயம் என்னன்னா, தட்டையான ஊரில் சின்ன மேடும் 'பெர்க்'தான். ஒரே ஊரில் நாலு 'யான்' இருந்தா அடையாளம் சொல்லத்தான் இந்தப் பெயர்கள் வந்தன. எல்லார் வீட்டுப் பக்கத்திலும் இருக்கிறதைச் சொன்னா ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் தனியாத் தெரியுறதைச் சொன்னாதான் முடியும்.

மற்றவை சட்டுனு: ஓவியர் 'வெர்மீர்' உண்மையில் 'வான் டெர் மீர்' சுருங்கினது, ஏரியிலிருந்து வந்தவர். 2023-இல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா சூப்பர் ஓவரில் 30 ரன் அடிச்ச லோகன் வான் பீக்கின் 'பீக்', ஓடை. 'வான் டென் ப்ரூக்' சதுப்பு நிலத்துக்காரர். இன்றைய டச்சில் 'ப்ரூக்' என்றால் பேன்ட், அதனால் ஸ்கூலில் கிண்டல் நிச்சயம்.

1811-இல் நெப்போலியன் ஆட்சி எல்லாரும் குடும்பப் பெயரைப் பதிவு செய்யணும்னு ஆணை போட்டது. கடுப்பான மக்கள் வேணும்னே கேலிப் பெயர் எழுதிக் கொடுத்தாங்கன்னு ஒரு கதை சுத்துது. 'நிர்வாணமாகப் பிறந்தவர்' என்று அர்த்தம் வர்ற 'நாக்ட்கெபோரன்' அதுக்கு ஃபேமஸ் உதாரணம். கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பெயர் 1811-க்கு முன்பே உண்டு. அப்பா இறந்த பிறகு பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் திரிஞ்சு வந்ததுன்னு மொழியியலாளர்கள் சொல்றாங்க. பெரும்பாலானோருக்கு அப்போதே குடும்பப் பெயர் இருந்தது. புதுசாத் தேட வேண்டியிருந்தவர்கள் அதிகம் வடக்கில்தான்.

ப்ராஜெக்ட்டில் டேட்டாபேஸ் டிசைன் பண்றவங்களுக்கு ஒண்ணு. வான் டைக்கை நெதர்லாந்தில் 'டி' எழுத்தின் கீழ் தேடணும், பெல்ஜியத்தில் 'வி'யின் கீழ். அதனாலேயே டச்சு ஃபார்ம்களில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவில், 'வான்' வகையறாவுக்குன்னே தனிக் கட்டம் ஒண்ணு இருக்கும்.