அபினுக்கு நஷ்டஈடு

1839 ஜூன் மாதம். சீனாவின் காண்டன் நகரத்துக்குத் தெற்கே, ஹூமென் கடற்கரையில் பெரிய பெரிய குழிகளை வெட்டித் தண்ணீர் கட்டினார்கள். உப்பைக் கொட்டி, அபின் உருண்டைகளை உடைத்து ஊறப்போட்டு, மேலே சுண்ணாம்பைப் போட்டதும் குழி கொதித்துப் புகைந்தது. கூலியாட்கள் விடாமல் கிளறினார்கள். கரைந்த குழம்பை மதகு திறந்து கடலில் விட்டார்கள். 20,000 பெட்டிக்கு மேல் இருந்ததால், அழித்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது. இந்த வேலையை நடத்திய லின் செஷு என்ற அதிகாரி, மீன்களைக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கச் சொல்லுமாறு கடல் தெய்வத்திடம் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார்.

பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். இந்தப் பாடம் வந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள்: "வாங்கினவன் மேலதானே டீச்சர் தப்பு?" அன்றைய அபின் வியாபாரிகள் பேசிய நியாயமும் ஏறக்குறைய இதுதான்.

பிரிட்டனுக்குச் சீனத் தேயிலை இல்லாமல் பொழுது விடியாது. சீனாவுக்கோ பிரிட்டன் சரக்கு பெரிதாக வேண்டியிருக்கவில்லை. தேயிலைக்கு விலையாக வெள்ளியைத்தான் கொட்ட வேண்டியிருந்தது. அதைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட வழி அபின். பீகாரிலும் காசி வட்டாரத்திலும் முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி போட வைத்தது. விலை வைத்ததும் கம்பெனி, வாங்கியதும் கம்பெனி. காயைக் கீறி வடித்த பாலைப் பாட்னாவிலும் காசிப்பூரிலும் உருட்டி, பெட்டிக்கு 40 உருண்டையாக அடுக்கினார்கள்.

சீனாவில் அபினுக்குத் தடை இருப்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். அதனால் தன் சொந்தக் கப்பலில் ஏற்றுவதைத் தவிர்த்து, கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு கையைக் கழுவிக்கொண்டது. ஏலம் எடுத்த தனி வியாபாரிகள் லிண்டின் தீவருகே கப்பலை நிறுத்த, சீனக் கடத்தல்காரர்கள் படகில் வந்து அள்ளிப்போனார்கள். லஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்ட சீன அதிகாரிகளையும் விட்டுவிட முடியாது. கிடைத்த வெள்ளியை வியாபாரிகள் காண்டனில் கம்பெனியிடமே கட்டி உண்டியல் (பணமாற்றுச் சீட்டு) வாங்கினார்கள். அந்த வெள்ளியில் கம்பெனி தேயிலை வாங்கியது. என்ன சாமர்த்தியம்!

இருக்கிற அபினையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி லின் செஷு நெருக்கியபோது, பிரிட்டனின் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட் புதிதாக ஒரு வேலை செய்தார். அரசாங்கம் பணம் தரும் என்று வியாபாரிகளுக்கு வாக்குக் கொடுத்து, அபினை அரசாங்கத்தின் பெயரில் வாங்கி ஒப்படைத்தார். அத்தோடு கடத்தல் சரக்கு பிரிட்டன் ராணியின் சொத்தாகிவிட்டது. அதை அழித்ததற்கு ஈடு கேட்டு பிரிட்டன் சீனாவின் மேல் போர் தொடுத்தது. வாங்கியவன் மேல்தான் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். விற்காதே என்றவன் மேல் பீரங்கி எதற்கு?

லண்டனிலேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. 1840 ஏப்ரலில் பார்லிமென்டில் வந்த கண்டனத் தீர்மானம் வெறும் 9 ஓட்டில்தான் தோற்றது. இளம் உறுப்பினர் கிளாட்ஸ்டன் அந்தப் போரை அநியாயம் என்று சாடினார்.

சண்டைக்குப் போனவர்களில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1841 மே மாதம், காண்டனை அடுத்த சான்யுவான்லியில், 37ஆவது மெட்ராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் தனியே மாட்டிக்கொண்டது. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஈட்டியோடு வந்த ஊர்க்காரர்கள் வளைத்துக்கொள்ள, மீட்க ஆள் வரும்வரை சதுரமாக அணிவகுத்துத் தாக்குப்பிடித்தார்கள். அபின் லாபத்தில் அவர்களுக்குக் காலணா பங்கு கிடையாது. எதிரே நின்ற விவசாயிகளைச் சீனப் பாடநூல்கள் இன்றும் வீரர்கள் என்றே சொல்கின்றன.

1842இல் நான்ஜிங் உடன்படிக்கை. ஹாங்காங் கைமாறியது, ஐந்து துறைமுகங்கள் திறந்தன. சீனா கட்ட வேண்டியது 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். அதில் 60 லட்சம், ஹூமெனில் கரைத்த அபினுக்கு. இனி அபின் விற்கலாமா கூடாதா என்று உடன்படிக்கையில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு இன்னொரு போர் தேவைப்பட்டது. 1858இல் சுங்கவரி வைத்து, அபினைச் சட்டப்படியான சரக்காக்கினார்கள்.