பனிக்காற்றும் ஒரு டப்பா களிம்பும்

தை பிறந்தால் திம்புள்ளப் பக்கம் காற்று மாறிவிடும். மழை ஓய்ந்து, பகலில் வெயிலும் இரவில் கடும் குளிருமாக, ஈரமில்லாத காற்று வீசத் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் இந்தக் காற்றில்தான் திம்புள்ளத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசம் ஏறுகிறது. தோட்டத் துரைமாரும் கொழும்பு ஏலக்காரர்களும் காத்திருக்கும் காலம் இது. அதே காற்றுதான் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரலைப் பிளக்கிறது, குதிகாலில் பித்தவெடிப்பைக் கொண்டு வருகிறது.

தலவாக்கலையில் எனக்கு ஒரு சிறிய சில்லறைக் கடை. வாப்பா காலத்தில் இருந்தே இந்தப் பருவத்தில் வசிலினும் கிறீமும் அதிகம் விற்கும். ஆனால் கம்பனிப் போத்தலின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வைப்பவர்கள்தான் கூட. "நானா, சின்ன டப்பா ஒன்றும் இல்லையா?" என்ற கேள்வியைப் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேள்வி வருகிறது என்றால் வியாபாரம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

உம்மா வீட்டில் தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கிக் களிம்பு செய்வார். அது அவர் கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் மெழுகு, ஒலிவ் எண்ணெய், பன்னீர் சேர்த்துச் செய்ததைத்தான் இன்றைய 'கோல்ட் கிறீமின்' மூலம் என்கிறார்கள். யூனானி வைத்தியர்களிடம் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிம்புக்குக் 'கைரூத்தி' என்று பெயர். வசிலினுக்கு அமெரிக்காவில் செஸ்புரோ காப்புரிமை பெற்றது 1872இல்தான்.

நான் செய்யும் அளவைச் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகு 100 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 300 கிராம். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னச் சட்டியை வைத்து மெழுகை உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. மெழுகு 62, 63 பாகையில் உருகிவிடும், அதற்கு மேல் சூடு தேவையில்லை. எண்ணெய்களைச் சேர்த்துக் கலக்கி, தெளிந்ததும் இறக்கி, நன்றாகக் காய்ந்த டப்பாக்களில் ஊற்ற வேண்டும். 25 கிராம் டப்பா 28 வர வேண்டும். சட்டியில் ஒட்டியது போக எனக்கு 27 வரும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாதே! அதோடு மெழுகும் சேர்ந்தால் களிம்பு கல்லாகிவிடும். நல்லெண்ணெய் உறையாது, அதனால்தான் பாதிக்குப் பாதி. புத்தளத்திலோ காத்தான்குடியிலோ இதைச் செய்பவர் மெழுகைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் டப்பா ஒழுகும்.

மெழுகு வாங்கும்போது கவனம். பத்திக் வேலைக்கு விற்கும் மெழுகில் பெரும்பாலும் பரபின் கலந்திருக்கும். நல்ல தேன்மெழுகைக் கையில் பிசைந்தால் இளகும், தேன் வாசம் வரும்.

இனி என் நஷ்டத்தைச் சொல்கிறேன். முதல் வருடம் எனக்குக் கம்பனிக் கிறீம் போல வெள்ளையாக வேண்டும் என்று ஆசை. பன்னீர் சேர்த்துக் கடைந்தேன். வெண்ணெய் போலத் திரண்டு வந்தது, வாசமும் அருமை. நாற்பது டப்பா நான்கே நாளில் போனது. மூன்றாவது வாரம் ஒரு தங்கச்சி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புப் புள்ளிகள், பூஞ்சணம். வெடித்த விரலில் அதைப் பூசியிருக்கிறார், விரல் சிவந்து வீங்கி இருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை. தெரிந்த லயங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, கிடைத்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தேன். தண்ணீர் சேர்ந்த எதிலும் கிருமி வளரும், அதைத் தடுக்கப் பாதுகாப்புப் பொருள் அளவறிந்து சேர்க்க வேண்டும், அது வீட்டுச் சட்டியில் செய்கிற வேலை இல்லை என்பதைக் காசு கொடுத்துப் படித்தேன். எண்ணெயும் மெழுகும் மட்டும் என்றால் பூஞ்சணம் பிடிக்காது. காலம் போனால் சிக்கு வாடைதான் அடிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் நான் திகதி போடுவதில்லை.

கிளிசரினையும் போட்டுப் பார்த்தேன். அது எண்ணெயோடு கலக்காமல் அடியில் போய் நின்றது. அது தாவரத்திலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். நம் வாடிக்கையாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது? மெழுகிலும் எண்ணெயிலும் அந்தச் சிக்கல் இல்லை.

விற்பதோடு பூசும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். களிம்பு தோலுக்கு ஈரம் தருவதில்லை, இருக்கிற ஈரம் போகாமல் மூடி வைக்கிறது. ஆகவே காய்ந்த தோலில் பூசிப் பயனில்லை. பீலியில் குளித்தோ வுளுச் செய்தோ துடைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே மெல்லியதாகப் பூச வேண்டும். இரவில் குதிகாலுக்குப் பூசிக் காலுறை போட்டால் இன்னும் நல்லது. சீழ் வைத்த வெடிப்புக்காரரையும் சீனி வருத்தக்காரரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

லேபலில் எடை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, சேர்த்த பொருட்கள், உங்கள் முகவரி எல்லாம் இருக்கட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, கடைக்குச் சோதனைக்கும் வரும். 'குணமாக்கும்', 'மருந்து' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் 2015ஆம் ஆண்டின் மருந்து ஒழுங்குமுறைச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

விலை போடும்போது பலரும் எண்ணெயையும் மெழுகையும் மட்டும் கூட்டுகிறார்கள். டப்பா, லேபல், கேஸ், உடைந்தது, மாதிரிக்குக் கொடுத்தது, உங்கள் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். என் கணக்கில் டப்பாவும் லேபலும் சேர்ந்தால் உள்ளே இருப்பதன் செலவை நெருங்கிவிடுகின்றன. அதனால் காலி டப்பாவைக் கொண்டு வருபவருக்கு விலை குறைத்துக் கொடுக்கிறேன். கொதிநீரில் கழுவிக் காயவைத்துத்தான் மறுபடி பாவிக்கிறேன்.

ஒரு தடவைக்கு இரண்டு சட்டிக்கு மேல் செய்வதில்லை. சித்திரை மழை வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பள நாளுக்கு இரண்டு நாள் முன்பு செய்து வைத்தால் அந்த வாரமே முடிந்துவிடும். விரல் வீங்கிய அந்தத் தங்கச்சி அரிசி, பருப்பு எல்லாம் என்னிடம்தான் வாங்குகிறார். களிம்பு மட்டும் இன்னும் வாங்கவில்லை.