இரத்தக் கொதிப்பும் சுரப்பு நீர்களும்

சிங்கப்பூரின் வடமேற்கே சுவா சூ காங் என்றொரு வட்டாரம் உண்டு. ஒரு காலத்தில் அங்கே காசுக்கட்டியும் மிளகும் பயிராயின. பின்னர் ரப்பர் மரங்களும் வளர்ந்தன. இன்று அந்த மண்ணில் அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. 1990ஆம் ஆண்டு முதல் பெருவிரைவு ரயிலும் அங்கு ஓடுகின்றது.

வாழ்க்கை முறை எவ்வளவுதான் மாறினும், சுவா சூ காங் பலதுறை மருந்தகத்திற்குச் செல்பவருக்கும் நம் தோட்டத்து மருந்தகத்திற்குச் செல்பவருக்கும் பொதுவான நோய் ஒன்று உள்ளது. அதுவே இரத்தக் கொதிப்பு. சிங்கப்பூரில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் மூவரில் ஒருவருக்கு மேல் இந்நோய் இருந்தது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் ஆய்வு, பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இந்நோய் உண்டு எனக் காட்டியது. வலியோ காய்ச்சலோ இல்லாத நோயாதலால், பலர் இதனை அறியாமலே வாழ்கின்றனர்.

மரம் கற்பிக்கும் பாடம்

அழுத்தம் என்பது பால்மரம் வெட்டும் நமக்குப் புதியதன்று. விடியற்காலையில் பட்டையைச் சீவியதும் பால் விரைந்து மங்கில் வடிகின்றது. வெயில் ஏற ஏற ஓட்டம் தளர்கின்றது. பால்குழாய்களுக்குள் உள்ள அழுத்தம் விடியலில் மிகுந்தும் நண்பகலில் குறைந்தும் இருப்பதே அதற்குக் காரணமாகும். பட்டையில் பூசப்படும் எத்திஃபோன் என்னும் மருந்து எத்திலீன் என்ற பொருளை வெளியிடுகின்றது. எத்திலீன் மரங்களில் இயற்கையாகவே உண்டாகும் ஒரு ஹார்மோன். அது பால் நெடுநேரம் வடியுமாறு செய்கின்றது. சிறிதளவான ஒரு பொருள் மரத்தின் பாலோட்டத்தையே மாற்றிவிடுகின்றது அன்றோ!

மனித உடலிலும் இதனை ஒத்த ஏற்பாடு உண்டு. இரத்தக் குழாய்களில் எவ்வளவு அழுத்தம் இருக்கவேண்டும் என்பதைச் சில சுரப்பு நீர்கள், அதாவது ஹார்மோன்கள், கட்டுப்படுத்துகின்றன. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு அறிவியல் மாநாடுகளோடு நெருங்கிய தொடர்புடையது.

மாநாடுகளில் வளர்ந்த அறிவு

1897ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடைபெற்ற அனைத்துலக மருத்துவ மாநாட்டில், இராபர்ட் டைகர்ஸ்டெட் என்னும் அறிஞர் ஒரு செய்தியை அறிவித்தார். முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை மற்றொரு முயலின் உடலில் செலுத்தியபோது, அதன் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றில் இருந்த பொருளுக்கு 'ரெனின்' என்று பெயரிட்டார். ஆயினும் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1934ஆம் ஆண்டில் ஹாரி கோல்ட்பிளாட் என்னும் அமெரிக்க அறிஞர், நாய்களின் சிறுநீரகத்திற்குச் செல்லும் குழாயை இறுக்கி, அதனால் கொதிப்பு உண்டாவதைக் காட்டிய பின்னரே உலகம் விழித்துக் கொண்டது.

அதன்பின் அர்ஜெண்டினாவில் பிரவுன் மெனெண்டஸ் குழுவினரும், அமெரிக்காவில் இர்வின் பேஜ் குழுவினரும், 1940ஆம் ஆண்டளவில், தனித்தனியே ஒரே பொருளைக் கண்டுபிடித்தனர். ஒரு குழு அதனை 'ஹைப்பர்டென்சின்' என்றது; மற்றது 'ஆஞ்சியோடோனின்' என்றது. ஒரே பிள்ளைக்கு இரு பெயர் வைத்த கதையாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. இறுதியில், 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டின்போது, இரு பெயர்களிலும் பாதி பாதி எடுத்து 'ஆஞ்சியோடென்சின்' என்று வைக்க இருவரும் உடன்பட்டனர். இன்றும் வழங்குவது அப்பெயரே.

உடலில் நிகழ்வது என்ன?

இரத்த ஓட்டம் குறைவதாகச் சிறுநீரகம் உணரும்போது ரெனினை வெளியிடுகின்றது. ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. மேலும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள சுரப்பியை அது தூண்ட, அங்கிருந்து 'ஆல்டோஸ்டெரோன்' என்னும் நீர் சுரக்கின்றது. இந்நீர் உப்பைச் சிறுநீரில் வெளியேற விடாமல் தடுக்கின்றது. உப்போடு தண்ணீரும் உடலில் தங்குகின்றது. ஆகவே அழுத்தம் உயர்கின்றது. குருதி இழந்த வேளையில் இது உயிர் காக்கும் ஏற்பாடு. தேவையின்றி இடையறாது நிகழுமாயின் அதுவே நோயாகும்.

1954ஆம் ஆண்டு சிக்காகோவில் கூடிய மருத்துவ ஆய்வாளர் கூட்டத்தில், ஜெரோம் கான் என்னும் மருத்துவர் 34 வயதுப் பெண்ணொருவரைப் பற்றி விளக்கினார். அவருக்குக் கொதிப்போடு தசைத் தளர்ச்சியும் இருந்தது. அந்தச் சுரப்பியில் தோன்றிய கட்டி ஆல்டோஸ்டெரோனை அளவின்றிச் சுரந்ததே காரணம். கட்டியை அகற்றியதும் அவர் நலமடைந்தார்.

இந்நோய் மிக அரியது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. அக்கருத்தை அசைத்த ஆய்வுகளுள் ஒன்று சிங்கப்பூரில் நடந்தது. சாதாரண மருந்தகங்களுக்கு வந்த 350 கொதிப்பு நோயாளிகளைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு இந்த ஆல்டோஸ்டெரோன் கோளாறு இருந்தது. கொதிப்புள்ள அனைவருக்கும் இதற்கான இரத்தச் சோதனை நன்று என 2025ஆம் ஆண்டில் அனைத்துலக நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் ஒன்றும் பரிந்துரைத்தது.

நாம் செய்யத்தக்கவை

ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்து கொள்ளவேண்டும். 140க்கு 90 என்ற அளவோ அதற்கு மேலோ பலமுறை காணப்படின், மருத்துவரின் கண்காணிப்பில் இருத்தல் அவசியம். மூன்று வகை மாத்திரை உண்டும் கொதிப்பு அடங்காதவர்களும், இளம் வயதிலேயே கொதிப்பு கண்டவர்களும், இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களும், "சுரப்பு நீர்ச் சோதனை எனக்குத் தேவையா?" என்று மருத்துவரைக் கேட்பது நலம். சிலருக்கு அறுவைச் சிகிச்சையாலும், மற்றவர்களுக்கு அதற்கென்றே உள்ள மாத்திரையாலும் பயன் கிடைக்கும்.

உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படலாகாது. கருவாடு, ஊறுகாய், சோயா சாறு ஆகியவற்றில் உள்ள உப்பும் அக்கணக்கில் சேரும்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துவோர் நம்மிடையே உளர். நன்றாக இருப்பதே அம்மாத்திரையால்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பக்கவாதமும் மாரடைப்பும் முன்னறிவிப்புத் தந்து வருவன அல்ல. பட்டையை ஆழ வெட்டி மரத்தைக் காயப்படுத்தாமல் பேணத் தெரிந்த நாம், நம் உடலையும் அதே கருத்தோடு பேணுவோமாக.