பாலில் கலந்த நீர்

தேசத்துக்குக் கீர்த்தி தேடித் தந்தவர்களை மாலையிட்டு வரவேற்பதில் நம் ஜனங்கள் எவருக்கும் இளைத்தவர்களல்லர். ஆனால் கீர்த்தி வருவதற்கு முன் அவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன உண்டார்கள், யார் கைகொடுத்தார்கள் என்று விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. ஹாக்கி வீராங்கனை குமாரி ராணி ராம்பாலின் சரித்திரம் இந்த விசாரணையைத் தட்டிக்கழிக்க விடுவதில்லை. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதம், முப்பது வயது நிறையுமுன், 254 சர்வதேசப் பந்தயங்களும் 120 கோல்களும் தம் கணக்கில் நிற்க, அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 28-ம் நம்பர் சட்டையை இனித் தேசக் கோஷ்டியில் வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி ஸ்தாபனம் அறிவித்தது. மரியாதை தக்கதே. ஆனால் மரியாதையுடன் நம் கடமை தீர்ந்துவிட்டதா?

ஹரியானா ராஜ்யத்தில், குருக்ஷேத்திர ஜில்லாவில், ஷாஹாபாத் மார்க்கண்டா என்ற சிறு பட்டணம் இருக்கிறது. 1994 டிசம்பரில் ராணி அங்கே பிறந்தார். தகப்பனார் வண்டியிழுத்துப் பிழைப்பவர். நாளொன்றுக்குக் கிடைத்தது எண்பது ரூபாய். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். குடியிருந்த வீட்டுக்கு அருகில் ஒரு ஹாக்கி மைதானம். அங்கே பிள்ளைகள் ஆடுவதை மணிக்கணக்கில் பார்த்து நின்ற சிறுமிக்கு மட்டை வாங்கக் காசில்லை. ஒடிந்த மட்டை ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு, சல்வார் கமீஸ் உடையுடனேயே ஓடி ஆடிப் பழகினார். பயிற்சியாசிரியர் பல்தேவ் சிங், போஷாக்கில்லாத இந்தத் தேகம் ஆட்டத்தைத் தாங்காது என்று முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்தார். பிற்பாடு மனமிரங்கிச் சேர்த்துக்கொண்டார்.

பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் அரை லிட்டர் பால் கொண்டுவந்து குடிக்க வேண்டுமென்பது அங்கே ஏற்பாடு. ராணியின் வீட்டில் இருநூறு மில்லிக்கு மேல் வாங்கச் சக்தியில்லை. எனவே யாருக்கும் சொல்லாமல் அதில் தண்ணீரைக் கலந்து அளவைச் சரிசெய்து குடித்தார். விடியுமுன் மைதானத்தில் நிற்க வேண்டும். வீட்டிலோ கடிகாரம் கிடையாது. தாயார் இரவில் விழித்திருந்து, வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்து மகளை எழுப்பினார். குட்டைப் பாவாடை அணிந்து ஓடுகிற பெண்ணால் குடும்பத்துக்கு அவமானம் என்று உறவினர் ஏசியதும் உண்டு. வறுமையை வென்றாலும் இந்த வாய்களை வெல்வது கடினம்.

பல்தேவ் சிங் தம் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்து ஆகாரமளித்தார். மட்டையும் பாதரட்சையும் வாங்கித் தந்தார். அதன் பலனைத் தேசம் விரைவில் கண்டது. பதினாலு வயது நிறையுமுன்னரே, 2008-ல், ராணி இந்தியக் கோஷ்டியில் இடம் பெற்றார். 2010-ல் அர்ஜென்டினாவில் ரொசாரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், பதினைந்து வயதுச் சிறுமி ஏழு கோல் போட்டு, சிறந்த இளம் ஆட்டக்காரி என்ற விருதைப் பெற்றார். 2013-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியா வெண்கலம் வென்றது; அந்தப் பந்தயத்தின் தலைசிறந்த ஆட்டக்காரியும் அவரே.

நம் பெண்கள் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடியது முதல் முதல் 1980-ல், மாஸ்கோவில். அதற்குப் பின் முப்பத்தாறு வருஷம் வாசல் திறக்கவில்லை. ஆண்களின் தங்கப் பதக்கங்களைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த நாம், பெண்கள் கோஷ்டி எங்கே என்று கேட்கவுமில்லை. 2016-ல் ரியோவில்தான் மறுபடி நுழைந்தார்கள்; கடைசி ஸ்தானமே கிடைத்தது. அடுத்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற 2019 நவம்பரில் புவனேசுவரத்தில் அமெரிக்காவுடன் இரண்டு ஆட்டங்கள். முதல் நாள் இந்தியா ஐந்துக்கு ஒன்று என்று வென்றது. மறுநாள் பாதி ஆட்டத்துக்குள் அமெரிக்கா நான்கு கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்துவிட்டது. நாற்பத்தெட்டாவது நிமிஷத்தில் காப்டன் ராணி போட்ட ஒரே கோல்தான் டோக்கியோவின் கதவைத் திறந்தது.

2021-ல் டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அதன் பின் அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, கால் இறுதியில் ஆஸ்திரேலியாவைக் குர்ஜித் கௌரின் ஒரே கோலால் வீழ்த்தியபோது தேசமே எழுந்து நின்றது. அரை இறுதியிலும் வெண்கலப் பந்தயத்திலும் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள், அதில் வெட்கமில்லை. வெட்கம் வேறிடத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில், அரை இறுதித் தோல்விக்குப் பின், ஜாதியைச் சொல்லி ஏசினார்கள். வென்றால் பாரத புத்திரி, தோற்றால் இன்ன ஜாதிக்காரி என்பது எந்த நியாயஸ்தலத்தில் செல்லக்கூடிய நியாயம்?

வறுமையே ராணியை உறுதிப்படுத்தியது, கஷ்டமில்லாவிட்டால் வீரம் பிறக்காது என்று சிலர் வாதிக்கலாம். இந்த வாதத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது போன்றது இது. பாலில் தண்ணீர் கலந்த பெண்ணை நாம் அறிவோம். கலக்கப் பாலே இல்லாமல் வீடு திரும்பியவர்களின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் அச்சாகவில்லை. ராணியை வளர்த்தது பசியல்ல. பசியைக் கண்டு சோறிட்ட ஓர் ஆசிரியரும், கண் துஞ்சாத ஒரு தாயும், வீட்டருகே திறந்திருந்த ஒரு மைதானமுமே அவரை வளர்த்தன. டோக்கியோ கோஷ்டியில் ராணியுடன் நவ்ஜோத் கௌர், நவ்நீத் கௌர் ஆக மூவர் அதே ஷாஹாபாத்திலிருந்து வந்தார்கள். இதைத் தற்செயல் என்று யார் சொல்வார்?

உபசாரங்களுக்குக் குறைவில்லை. 2020-ல் ராணிக்குப் பத்மஸ்ரீயும் கேல் ரத்னாவும் கிடைத்தன. முதல் பந்தயத்தில் வென்ற ஐந்நூறு ரூபாயைத் தகப்பனார் கையில் வைத்து, ஒருநாள் சொந்த வீடு தருவேன் என்று சொன்ன வாக்கை, 2017-ல் தம் உழைப்பால் அவரே நிறைவேற்றினார். அந்தச் சிறுமி தன் வாக்கைக் காப்பாற்றினாள். டோக்கியோவுக்குக் கைதட்டிய நாம் என்ன செய்தோம்? 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஜப்பானிடம் ஒரு கோலில் தோற்றுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நம் பெண்கள் போகமுடியாமல் போனபோது, அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் பெண்களுக்கென ஒரு மைதானத்தை ஒதுக்கட்டும். பள்ளிக்கூடங்கள் மட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொடுக்கட்டும். தேச சேவையில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊரில் பெண் பிள்ளையை ஏசும் வாய்களுக்குப் பதில் சொல்லட்டும். அடுத்த ராணி எந்தத் தெருவில் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ நமக்குத் தெரியாது. அவள் பாலில் தண்ணீர் கலக்க வேண்டிய அவசியம் நேரக்கூடாது.