சொல் இருக்கிறது, உரையாடல் வரவேண்டும்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குச் சொற்கள் தெரியும். அவற்றை இன்னொருவரோடு கொடுத்து வாங்குவதுதான் கடினம். 1943இல் மனநல மருத்துவர் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது பதிவாகியிருக்கிறது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதையும், 'நான்' வரவேண்டிய இடத்தில் 'நீ' வருவதையும் அவர் கண்டார். "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று தாயிடம் வரும் பிள்ளை கேள்வி கேட்கவில்லை, தனக்குத் தாகம் என்கிறது. அதைத் திருத்தி அதட்டுவதால் பயனில்லை. "எனக்குத் தண்ணி வேணும்" என்று பிள்ளை சொல்லவேண்டியதைத் தாயே சொல்லிக்காட்டி, உடனே தண்ணீரைக் கொடுப்பதே பாடம்.

இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் ஹேமமாலி பெரேரா குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என மதிப்பிட்டது. இப்பிள்ளைகளுக்குச் சிகிச்சையாளரோடு கிடைப்பது சொற்ப நேரம். உருத்திரபுரம் போன்ற வயற்கிராமத்தில் பிள்ளையின் மீதி நாள் வீட்டிலும் முன்பள்ளியிலும் கடையிலும் கோயிலிலும் கழிகிறது. உரையாடல் பழகுவதும் அங்கேதான்.

பேச்சுக்கு முன் வருவது கூட்டுக்கவனம்: இருவரும் ஒரே பொருளைப் பார்ப்பதும், பார்க்கிறோம் என்று இருவரும் அறிவதும். அடுத்தது முறை மாறுதல். பந்து உருட்டினாலும் தாயம் விளையாடினாலும் "என்ர முறை, உன்ர முறை" என்று சொல்லிக்கொண்டே ஆடலாம். பிறகுதான் தலைப்பு. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசும் பிள்ளையிடம் அந்தப் பேச்சைத் தடுக்கக் கூடாது. பேச்சு தொடங்கக்கூடிய வாசல் அதுதான். இரண்டு செய்தி சொன்னால் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று அதற்குள்ளேயே பழக்கலாம்.

நேர்ப்பொருள் கொள்ளும் பிள்ளைக்கு நம் ஊர் மரியாதைப் பேச்சே பொறி. "போட்டு வாறன்" என்று மாமா புறப்பட்டால் அவர் திரும்பி வருவார் என்று அது படலையடியில் காத்து நிற்கும். இதற்குப் பொருந்துவது, அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1991இல் உருவாக்கிய சமூகக் கதை முறை: நடப்பதைப் பிள்ளைக்குச் சிறு கதையாகச் சொல்வது. உதாரணமாக, "மாமா 'போட்டு வாறன்' என்பார். அது விடைபெறும் பேச்சு. அவர் வேறொரு நாள் வருவார். நான் கை காட்டலாம்." இதில் விளக்கும் வசனங்கள் மிகுதி, செய்யச் சொல்லும் வசனம் ஒன்றே. கட்டளைகளை அடுக்கினால் அது கதையாகாது.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவதும் வேண்டாம். பலருக்கு அது வேதனை. பெரியவர் முன் தலை தாழ்த்துவதைப் பணிவாகக் கொள்ளும் ஊரில் அந்த அவசரம் எதற்கு?

பாடம் பிள்ளைக்கு மட்டும் போதாது. ஓட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல், புரியாமை இருபக்கமும் இருக்கிறது என்று வாதிட்டார். 2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது: ஒரு கதையை ஒருவருக்கொருவர் கடத்தியபோது, ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை, இருவகையினரும் கலந்த வரிசையில்தான் செய்தி அதிகம் சிதைந்தது. ஆகவே வகுப்பில் இரண்டு மூன்று தோழர்களுக்கும் பழக்கவேண்டும்: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்குப் பத்து விநாடி பொறுமை, கேலி இல்லை. விசேட கல்வி அலகு உள்ள பாடசாலைகள் இடைவேளையிலாவது அந்த அலகின் பிள்ளைகளை மற்றவர்களோடு விளையாட விடவேண்டும்.