முழங்கால் நழுவினால் முதலும் நழுவும்

வருடம் ஒரு தடவை கடைக்கு இருப்புக் கணக்கு எடுக்கிறோம். நாள் முழுக்க நம்மைத் தாங்கி நிற்கும் முழங்காலுக்கு என்றாவது கணக்கு எடுத்திருக்கிறோமா? நான் எடுக்கவில்லை. அதன் நஷ்டத்தையே இவ்வாரம் எழுதுகிறேன்.

காத்தான்குடியில் பிடவை வியாபாரம் செய்பவன் நான். பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டத்தின்போது வலது முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவியது. எண்ணெய் பூசிக் கட்டுப்போட்டு மறந்துவிட்டேன். பல வருடங்களின் பின், ரமழான் வியாபாரம் சூடுபிடித்திருந்த வேளையில், துணிக்கட்டுடன் ஏணியிலிருந்து திரும்பி இறங்கியபோது அதே சில்லு மீண்டும் நழுவியது. "பெருநாள் முடியட்டும்" என்றேன். ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. அதற்குள் மேலும் இரு தடவைகள் நழுவிவிட்டது. தொழுகை கதிரைக்கு மாறியது.

வைத்தியர் முதலில் காலைப் பிடித்து, மடக்கிப் பரிசோதித்தார். முழங்கால் கைவிடுவது ஒரே நோயல்ல என்றார். மூட்டுக்குள் இருக்கும் இணைப்பு நார் அறுந்தாலும் கால் தளரும். சில்லு நழுவினாலும் தளரும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

படங்களும் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில். பக்கவாட்டு எக்ஸ்ரே, சில்லு வழமையை விட உயரத்தில் இருக்கிறதா என்று காட்டும். காலை மடித்து எடுக்கும் எக்ஸ்ரே, சில்லு ஓடும் பள்ளம் ஆழமா, தட்டையா என்று காட்டும். அறுந்த நாரையும் குருத்தெலும்பின் சேதத்தையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும். சில்லை இழுக்கும் தசைநார் கீழ்க்கால் எலும்பில் பிடித்திருக்கும் இடம் பள்ளத்துக்கு நேரே இல்லாமல் எவ்வளவு வெளியே விலகியிருக்கிறது என்பதை சீ.டீ. ஸ்கேனில் அளக்கலாம். இவ்விலகல் 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் கூடுதல் எனக் கொள்கிறார்கள். பிரான்சின் லியோன் நகர வைத்தியர் ஹென்றி டெஜூர் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த அளவீடுகளுக்கு அடித்தளமானது.

முதல் தடவை நழுவினால், குருத்தெலும்புத் துண்டு எதுவும் உடைந்து கிடக்காவிட்டால், பெரும்பாலும் பயிற்சியே போதும். தொடைத் தசை பலப்பட வேண்டும். திரும்பத் திரும்ப நழுவினால்தான் சத்திரசிகிச்சை. தொடையின் பின்பக்கத்துத் தசைநார் ஒன்றை எடுத்து, சில்லின் உட்பக்கத்தில் அறுந்த நாருக்குப் பதிலாகப் பொருத்துவார்கள். எலும்பின் விலகல் கூடுதலாயின், தசைநார் பிடித்திருக்கும் எலும்புத் துண்டை உட்பக்கம் நகர்த்தி ஸ்குரூ பூட்டுவார்கள். பாரம் தூக்கப் பல மாதங்கள் பொறுக்க வேண்டும்.

எனக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்கிறேன். சில்லு நழுவுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நழுவலிலும் உரசித் தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வரவில்லை. படியேறும்போது வலி உண்டு. இரண்டு பெருநாள் இலாபத்துக்காக நான் கொடுத்த விலை அது.

எனவே சகோதரர்களே, முழங்கால் ஒரு தடவை நழுவினாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். எமக்குப் பக்கத்திலேயே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் வைத்தியருக்குக் கட்டணமில்லை. பழைய படங்களை எறியாமல் கொண்டு செல்லுங்கள். ஸ்கேன் எழுதினால், அது எந்தக் கேள்விக்கு என்று கேளுங்கள். சத்திரசிகிச்சை என்றால், எத்தனை மாதம் கடையில் நிற்க முடியாது என்பதையும் கேட்டு, பொறுப்பான ஒருவரை முன்கூட்டியே பழக்குங்கள்.

கடையில் போன முதலை இன்ஷா அல்லாஹ் திரும்பத் தேடலாம். தேய்ந்த மூட்டை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.