வலி தெரியாத கால்களுக்கு வேலூர் செய்த செருப்பு

ஆம்பூர் என்றதும் முதலில் பிரியாணி நினைவுக்கு வரும். அடுத்தது ஷூ. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த வட்டாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும்தான் சோறு போடுகின்றன. இங்கே தைத்த ஷூக்கள் கப்பலேறிப் போய் வெளிநாட்டுக் கடைகளில் பளபளக்கின்றன.

இதே வட்டாரத்தில் உருவான இன்னொரு செருப்பும் உண்டு. அதில் பளபளப்பு கிடையாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்களே ‘எம்.சி.ஆர். செருப்பு’, அதுதான். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு ஜோடி கிடக்கலாம். மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்பதன் சுருக்கம் எம்.சி.ஆர். பொடிப்பொடிக் காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். சர்க்கரை நோயாளிகளுக்கு முன்பே அதை வேலூரில் காலில் போட்டவர்கள் தொழுநோயாளிகள்.

கதை கொல்லிமலையில் தொடங்குகிறது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற மிஷனரி தம்பதிக்கு 1914-ல் அங்கே பிறந்தவர் பால் பிராண்ட். படிப்புக்காக இங்கிலாந்து போனவர், முதலில் கற்றது மருத்துவம் அல்ல, கட்டட வேலை. செங்கல் அடுக்கவும் மரம் இழைக்கவும் பழகிய பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1946-ல் அறுவை சிகிச்சை மருத்துவராக வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். அழுத்திய அழுத்தலில் வலித்தது பிராண்டுக்குத்தான். செயலிழந்ததாக எல்லோரும் கைவிட்ட கையில் அவ்வளவு பலம்! சில நரம்புகள் செத்திருந்தாலும் முழங்கைக்குக் கீழே நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் மடங்கிய விரல் நிமிரும். 1948-ல் வேலூரில் அந்த அறுவை சிகிச்சை தொடங்கியது.

சொல்வதற்கு எளிது. தொழுநோயாளியைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஓட்டலில் உட்கார விட மாட்டார்கள். அவர்களைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்களே என்ற பயம் ஆஸ்பத்திரிக்குள்ளும் இருந்தது. தொழுநோயாளிகளை ஒதுக்கி அடைக்க வெள்ளைக்காரர் ஆட்சியில் 1898-ல் கொண்டுவந்த சட்டம், நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியதே 2016-ல்தான்.

கை நிமிர்ந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. பிச்சை எடுத்துப் பிழைத்தவர்களுக்குக் கை சரியானதும் பிச்சை குறைந்தது. வேலை கொடுக்கவோ யாரும் இல்லை. எனவே 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே ‘நவஜீவ நிலையம்’ என்று சில எளிய குடிசைகள் எழும்பின. அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்றுப் பொம்மைகள் செய்தார்கள். பிராண்ட் என்றோ கற்ற கட்டட வேலை அங்கே கைகொடுத்தது.

அந்தக் குடிசைகளில்தான் ஒரு மர்மம். காலையில் எழுந்து பார்த்தால் சிலருடைய விரலில் சதை காணோம். இரவில் கண்விழித்துக் காவல் இருந்தபோது குற்றவாளி பிடிபட்டது: எலி. எலி கடித்துத் தின்பதுகூடத் தெரியாமல் அவர்கள் தூங்கியிருக்கிறார்கள். அதன்பிறகு, வீடு திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு பூனையோடுதான் போக வேண்டும் என்று ஏற்பாடானது. சிரிப்பு வரலாம். ஆனால், ‘தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும்’ என்ற பழைய நம்பிக்கையைப் பொய்யாக்கிய கண்டுபிடிப்பு இது. நோய் விரலைத் தின்பதில்லை, வலியைத்தான் எடுத்துக்கொள்கிறது. சுடு பாத்திரம், ஆணி, எலி இவையெல்லாம் மிச்சத்தை முடிக்கின்றன.

பாதத்துக்கும் அதே கதிதான். நமக்கு ஒரே இடத்தில் அழுத்தினால் நம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்வோம். வலி தெரியாதவர் புண்ணின் மீதே நடந்துகொண்டிருப்பார். அதற்காகப் பலவகைக் காலணிகளைச் செய்து பார்த்து, கடைசியில் வந்து நின்ற இடம்தான் இந்த ரப்பர். உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர்., முள் ஏறாதபடி அடியில் கெட்டி ரப்பர், நழுவாமல் இருக்கக் குதிகாலில் வார். ஆணி மட்டும் கூடவே கூடாது; பசையும் தையலும்தான். பார்த்தவுடனே ‘இது வியாதிக்காரன் செருப்பு’ என்று தெரிந்துவிட்டால் யாரும் போட மாட்டார்கள் என்பதால், சாதாரணச் செருப்பு மாதிரியே இருக்கவும் வேண்டும். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய ஷீஃபிலின் தொழுநோய் மையத்தில் இந்த ரப்பரைத் தயாரிக்கத் தனி ஆலையே இயங்கியது.

வேலூர் கோட்டைக்குள் 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. பழமையும் அழகும் உள்ள கட்டடம். ஆனால், தமிழ் பைபிள் ‘சபை’ என்று சொல்வது கட்டடத்தை அல்ல. கூடி நிற்கும் மனிதர்களை. கொரிந்து ஊராருக்கு எழுதிய கடிதத்தில் புனித பவுல் அந்தச் சபையை ஓர் உடம்பாகவே வர்ணிக்கிறார்: ஓர் உறுப்புக்கு நோவு வந்தால் எல்லா உறுப்புக்கும் நோவும். வலி நின்றுபோன பாதத்துக்கு என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்த்த பிராண்டுக்கு இது வெறும் உவமையாகப் படவில்லை. பின்னாளில் தன் புத்தகங்களில் திரும்பத் திரும்ப இதையே எழுதினார். சி.எம்.சி.யையும் ஒரே ஒரு சபை நடத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெவ்வேறு கூரையின் கீழ் கூடுகிற பல சபைகள் சேர்ந்துதான் நடத்துகின்றன.

அதே தமிழ் பைபிளில் இன்னொரு அருமையான சொல், ‘உக்கிராணக்காரன்’. கல்யாண வீட்டு உக்கிராண அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் காய்கறியும் அங்கே பொறுப்பாளர் கையில் இருக்கும். எதுவும் அவருடையது அல்ல. ஆனால், பந்தியில் ஒருவர் பசியோடு எழுந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். காணிக்கைப் பெட்டியில் என்ன போட்டோம் என்பதோடு இந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பிராண்ட் அதில் மண்ணையும் சேர்த்தார்.

கொல்லிமலையில் சிறுவனாக இருந்தபோது கூட்டாளிகளோடு நெல்வயலில் தவளை பிடித்து, வரப்பைச் சேறாக்கிவிட்டாராம். அங்கே வந்த மலைவாழ் முதியவர் திட்டவில்லை. ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டி, இது சோறு போடும் மண், தண்ணீரோடு மலையிறங்கிப் போனால் திரும்பி வராது என்று விளங்கவைத்தார். ‘ஒரு கைப்பிடிச் சேறு’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பிராண்ட் எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவம் வருகிறது, கரிகிரியும் வருகிறது.

தொழுநோய் மையத்துக்குக் கிடைத்த நிலம் சரளைக்கல் பொட்டல். அங்கே பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி, மழைநீர் ஓடிவிடாமல் சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார். பொட்டல் தோப்பானது, பறவைகள் வந்தன, கிணற்றில் தண்ணீர் ஏறியது. அதே காலத்தில் பாலாற்றங்கரையில் நடந்தது நேர்மாறு. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானது என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அந்தத் தோல்தான் லட்சக்கணக்கானோருக்குச் சோறும் போட்டது என்பதால், இந்தக் கணக்கை நேர்செய்வது எளிதல்ல.

பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போனார், 2003-ல் மறைந்தார். எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயைத் தாண்டி, சர்க்கரை நோயாளிகளின் வீடுகளுக்கு வந்துவிட்டது. செருப்போடு ஒரு பாடமும் உண்டு. தினமும் பாதத்தை விரலிடுக்கு முதல் குதிகால் வரை கண்ணால் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பார்வை மங்கியவரும் குனிய முடியாதவரும் பக்கத்தில் இருப்பவரிடம் காலை நீட்டி, “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டும்.